செப்டம்பர் பேஸ்பால்: எந்த ஆட்டம் டிவியில் வரும், யார் முடிவு செய்கிறார்கள்?

வாசகர் கேள்வி, செப்டம்பர் 9, 2024

நியூ ஜெர்சிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கிரிக்கெட் பார்க்க முடியாத குறைக்கு பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து, இப்போது காலையில் எழுந்ததும் புள்ளிப் பட்டியலைப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஒரு சந்தேகம். ப்ளே ஆஃபுக்காக முட்டி மோதுகிற அணிகள் ஒரு பக்கம் இருக்க, ஞாயிறு இரவில் நாடு முழுக்கக் காட்டுவது யாங்கீஸ், டாட்ஜர்ஸ், ரெட் சாக்ஸ் என்றே வருகிறது. யார், எப்போது, எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பெரிய ஊர் அணி என்றால் போதுமா?

செப்டம்பர் 9, 2024, இரவு

"போதும்" என்று ஒரே வார்த்தையில் எழுதத்தான் உட்கார்ந்தேன். சியாட்டில் பக்கம் 15 வருடமாக இருக்கிறேன், மரைனர்ஸ் ரசிகன், அதனால் அந்த வார்த்தை உடனே வாயில் வரும். ஆனால் யோசித்தால் அவ்வளவு எளிதில்லை.

முதலில் கணக்கு. 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டம், மொத்தம் 2,430. இதில் பெரும்பாலானவை அந்தந்த ஊர்ச் சேனலில்தான் வரும். தேசிய அளவில் காட்டுவது ஒரு சின்னத் துண்டு. ஞாயிறு இரவு ஈஎஸ்பிஎன், 1990-லிருந்து. சனிக்கிழமை ஃபாக்ஸ், 1996-லிருந்து. செவ்வாய் இரவு டிபிஎஸ், வெள்ளி இரவு இரண்டு ஆட்டம் ஆப்பிள் டிவி பிளஸ், இந்த இரண்டும் 2022-லிருந்து. எந்த அணி எந்தத் தேதியில் யாரோடு ஆடும் என்பதை முந்தின வருடமே லீக் முடிவு செய்துவிடும். அதில் சேனல்கள் கைவைக்க முடியாது. அன்றைக்கு இருக்கிற ஆட்டங்களில் எது வேண்டும் என்று எடுத்துக்கொள்வதும், எடுத்த ஆட்டத்தின் நேரத்தை மாற்றுவதும்தான் அவர்கள் கையில் இருக்கிறது.

ஊர்ப் பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. நாடு முழுக்க இருப்பவர்கள் யாங்கீஸைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், அதனால் போடுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு இரவு ஆட்டத்தை உள்ளூர்ச் சேனல் காட்டக் கூடாது, உரிமை ஈஎஸ்பிஎன்னுக்கு மட்டும். அப்படியென்றால், தினமும் உள்ளூர்ச் சேனலில் பார்க்கிற நியூ யார்க் ரசிகர் அத்தனை பேரும் அன்று ஈஎஸ்பிஎன்னுக்கு வந்தே ஆக வேண்டும். நியூ யார்க் வட்டாரத்தில் டிவி உள்ள வீடுகள் சுமார் 70 லட்சத்துக்கு மேல். சியாட்டில் வட்டாரத்தில் 20 லட்சம் அளவு. சேனல் எண்ணுவது சொந்த ஊர்க்காரர்களின் தலையை. சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், பாஸ்டன், பிலடெல்பியா எல்லாம் அடிக்கடி வருவதும் இதே கணக்கில்தான்.

இன்னொன்று நேரம். ஞாயிறு இரவு ஆட்டம் கிழக்குக் கரையில் மாலை 7 மணிக்கு. எங்களுக்கு அது 4 மணி. பிட்சர் வெயிலில் நிற்பார், பேட்டர் நிழலில் நிற்பார், பந்து கண்ணுக்கே தெரியாது. எங்கள் வழக்கமான இரவு ஆட்டம் தொடங்கும்போது நியூ ஜெர்சியில் மணி 10 ஆகியிருக்கும். நீங்கள் தூங்கப் போயிருப்பீர்கள்.

செப்டம்பர் 10, 2024

நேற்று ஒன்று விட்டுப்போனது. முழு சீசனுக்கும் முன்கூட்டியே எடுத்துவைத்துவிடுகிறார்கள் என்பது போலப் படிக்கிறது. அப்படியில்லை. ஏப்ரல், மே ஆட்டங்களை சீசன் தொடங்கும் முன்பே அறிவிக்கிறார்கள். பிற்பாதி ஞாயிறுகளைக் காலியாக வைத்திருந்து, ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால் சொல்கிறார்கள். அப்புறம், ஒரே அணியையே எப்போதும் போட முடியாது, ஒரு சீசனில் இத்தனை முறைதான் என்று வரம்பு உண்டு. யாங்கீஸை மே, ஜூனிலேயே காட்டித் தீர்த்துவிட்டால் செப்டம்பரில் கை கட்டிவிடும். கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்கிறார்கள்.

செப்டம்பர் 14, 2024

"ஏன் இரண்டு வாரம்? முந்தின நாள் வரைக்கும் காத்திருந்து நல்ல ஆட்டத்தை எடுத்தால் என்ன?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். முன்பு நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாயை மூடியது.

சில வருடம் முன்பு வேறொரு ஊருக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஞாயிறு மதியம் 1 மணி ஆட்டத்துக்கு நாலு டிக்கெட். மாலை 7:40-க்கு ஊர் திரும்ப விமானம். எல்லாம் பொருத்தமாக இருந்தது. கிளம்புவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆட்டம் தேசிய ஒளிபரப்புக்காக இரவுக்கு மாற்றப்பட்டிருக்கிறது, டிக்கெட் செல்லும், பணம் திரும்பாது. மகளுக்குத் திங்கள் காலை பள்ளி. டிக்கெட்டை விற்கப் பார்த்தேன், பாதி விலைக்கும் ஆள் இல்லை. கடைசியில் ஸ்டேடியத்துக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு விமான நிலையம் போனோம். மகள் விமானத்தில் ஏறும்வரை கையுறையைக் கழற்றவில்லை.

அன்று பத்து நாள் அவகாசம் இருந்தும் எனக்குப் போதவில்லை. இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் 40,000 பேர் என்ன செய்வார்கள்? ஹோட்டல், குழந்தைகள், பஸ் பிடித்து வருகிற பெரியவர்கள். ஆட்டக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஞாயிறு இரவு 10 மணிக்கு ஆட்டம் முடிந்து, விமானம் ஏறி, விடியற்காலை வேறு ஊரில் இறங்கி, திங்கள் மறுபடி ஆட வேண்டும். இதற்காகவே ஆட்டக்காரர் சங்க ஒப்பந்தத்தில் பயண விதிகள் உண்டு. ஒளிபரப்பு வண்டிகளும் கூடுதல் கேமராக்களும் ஊர் விட்டு ஊர் போக வேண்டும், அது வேறு.

அமெரிக்க ஃபுட்பாலில் ஞாயிறு இரவு ஆட்டத்தை மாற்ற 12 நாள் முன்னறிவிப்பு வேண்டும், கடைசி வாரங்களில் 6 நாள் போதும். ஆனால் அங்கே வாரம் ஒரே ஆட்டம். பேஸ்பாலில் தினமும் ஆட்டம். பன்னிரண்டு நாளில் ஒரு அணியின் சீசனே செத்துப்போகும், இன்னொன்று உயிர்த்து வரும்.

செப்டம்பர் 20, 2024

இன்றைக்கு வேறெதுவும் எழுத மனம் வரவில்லை. நேற்று மயாமியில் டாட்ஜர்ஸின் ஜப்பானிய வீரர் ஓடானி. ஆறு முறை மட்டை பிடித்து ஆறும் ஹிட். மூன்று ஹோம் ரன், இரண்டு திருட்டு (பிட்சர் கண்ணில் மண்ணைத் தூவி அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது), 10 ரன் அடித்துக் கொடுத்தார். ஒரே சீசனில் 50 ஹோம் ரன், 50 திருட்டு. பேஸ்பால் வரலாற்றில் இதுவரை யாரும் தொட்டதில்லை. டாட்ஜர்ஸ் 20-4.

இழைக்குச் சம்பந்தம் இருக்கிறது. நடந்தது வியாழன் மாலை. எதிரே ப்ளே ஆஃப் வாய்ப்பு எப்போதோ போய்விட்ட மார்லின்ஸ். தேசியச் சேனல்களுக்கு வழக்கமான கிழமையே இல்லை. அமெரிக்காவில் பாதிப் பேர் அலுவலகத்தில் இருந்த நேரம். ஜப்பானில் வெள்ளி விடியற்காலை. அங்கே தேர்ந்தெடுக்கும் முறையே வேறு. ஜப்பானியர் ஆடுகிறாரா, அதுதான் கேள்வி. மரைனர்ஸில் ஆடிய ஜப்பானிய வீரர் இச்சிரோ காலத்திலிருந்தே ஜப்பானின் என்எச்கே சேனல் அப்படித்தான் காட்டி வருகிறது. அணி முதலிடமா, கடைசியா என்பதெல்லாம் அப்புறம்.

செப்டம்பர் 21, 2024

இச்சிரோ பெயரை எடுத்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. "ப்ளே ஆஃபுக்குச் சம்பந்தமில்லாத ஆட்டத்தைக் காட்டவே கூடாது" என்று மேலே ஒருவர் சொல்கிறார். 2004-ல் மரைனர்ஸ் 99 ஆட்டம் தோற்றது. டிவிஷனில், அதாவது லீக்கை வட்டாரவாரியாகப் பிரித்த குழுவில், கடைசி. ஆனால் அக்டோபர் 1 அன்று இச்சிரோ அந்த சீசனின் 258-வது ஹிட்டை அடித்து, ஜார்ஜ் சிஸ்லர் 1920-ல் வைத்த 257 என்ற சாதனையைத் தாண்டினார். 84 வருடச் சாதனை. சிஸ்லரின் மகள் ஸ்டேடியத்தில் இருந்தார், இச்சிரோ ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். நான் அப்போது அமெரிக்காவிலேயே இல்லை, பிறகு வீடியோவில் பார்த்ததுதான். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்து ஆட்டம் எடுப்பவர் அந்த ஆட்டத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்.

ஆக, எடுப்பவர் வேலை லேசானதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் 23, 2024

இரண்டு வருடம் முன்பு இதே தேதி, வெள்ளிக்கிழமை. யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் அந்த சீசனில் 60 ஹோம் ரன்னில் நிற்கிறார். இன்னொன்று அடித்தால் 1961-ல் ராஜர் மாரிஸ் அடித்த 61-ஐத் தொடுவார். யாங்கீஸ் ஸ்டேடியம், எதிரே ரெட் சாக்ஸ். இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வெள்ளி ஆட்டம் ஆப்பிள் வசம். தினமும் காட்டுகிற யெஸ் சேனல் காட்ட முடியாது, பல வருடமாக யாங்கீஸுக்கு வர்ணனை சொல்லும் மைக்கேல் கே அன்று டிவியில் இல்லை. நியூ யார்க்கில் பெரிய கூச்சல். மாநில அட்டர்னி ஜெனரல்கூட யெஸ்ஸிலும் காட்ட விடுங்கள் என்று கேட்டார். நடக்கவில்லை.

அப்போது எனக்கு அந்தக் கூச்சல் விளங்கவில்லை. ஏனென்றால் அந்த சீசனில் வெள்ளி ஆட்டங்களை ஆப்பிளில் சந்தா இல்லாமலே பார்க்கலாம். யாருக்கும் ஆட்டம் மறுக்கப்படவில்லை. பிறகு ஏன் சண்டை? இப்போது யோசித்தால் அவர்கள் கேட்டது அந்தக் குரலைத்தான்.

அன்று ஜட்ஜ் அடிக்கவில்லை. 61 வந்தது 28-ம் தேதி டொராண்டோவில், 62 அக்டோபர் 4 அன்று டெக்சாஸில். ஆனால் அதே வெள்ளி இரவு, ஆப்பிளின் இரண்டாவது ஆட்டத்தில், லாஸ் ஏஞ்சலஸில், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ஆல்பர்ட் புஹோல்ஸ் தன் வாழ்நாளின் 699-வது, 700-வது ஹோம் ரன்களை அடித்தார். 700-ஐத் தொட்ட நாலாவது ஆள். செயின்ட் லூயிஸ்காரர்கள் தங்கள் ஊர் டிவிக் குரல் இல்லாமல் அதைப் பார்த்தார்கள். அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை.

செப்டம்பர் 24, 2024

சின்னது. அயோவாவில் என் மைத்துனர் இருக்கிறார். அந்த மாநிலத்துக்குச் சொந்தமாக ஒரு பெரிய லீக் அணியும் கிடையாது. ஆனால் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ் என்று ஆறு அணிகள் அதைத் தங்கள் எல்லை என்று வைத்திருக்கின்றன. அதனால் பணம் கட்டி இணையத்தில் பார்த்தாலும் அந்த ஆறு அணிகளின் ஆட்டம் நேரலையில் வராது. இந்த வாரம் ராயல்ஸ் ப்ளே ஆஃபுக்குப் போராடுகிறது, அவர் வானொலியில் கேட்டுக்கொண்டிருக்கிறார். தேசியச் சேனல் எடுத்தால்தான் அவருக்குப் படம். நான் இங்கே உள்ளூர்ச் சேனலே போதும் என்று பேசுவது அவரிடம் எடுபடாது. அவர் சொல்வதும் சரிதான்.

செப்டம்பர் 28, 2024

நேற்று டெட்ராய்ட் பார்த்தீர்களா? டைகர்ஸ் 4, ஒயிட் சாக்ஸ் 1. டைகர்ஸுக்கு 2014-க்குப் பிறகு முதல் ப்ளே ஆஃப். ஒயிட் சாக்ஸுக்கு அது 121-வது தோல்வி. 1962 மெட்ஸின் 120-ஐத் தாண்டி, நவீன காலத்தில் ஒரு சீசனில் அதிகம் தோற்ற அணி. ஒரே ஆட்டம், ஒரே கடைசிப் பந்து. ஒரு பக்கம் ஷாம்பெயின், இன்னொரு பக்கம் தலை குனிந்து உள்ளே போகிற ஆட்டக்காரர்கள்.

ஆகஸ்ட் 10 வாக்கில் டைகர்ஸ் 55 வெற்றி, 63 தோல்வி. ப்ளே ஆஃப் வாய்ப்பு 0.2 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தார்கள். அன்றைக்கு எந்த சேனல் அதிகாரியாவது "செப்டம்பர் 27, டைகர்ஸ், ஒயிட் சாக்ஸ், எனக்கு வேண்டும்" என்று சொல்லியிருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போயிருப்பார்கள். இரண்டு வாரம் முன்னால்கூட ஒயிட் சாக்ஸ் எப்போது 121-ஐத் தொடும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் ஆள்களுக்கு இந்த முறையும் இல்லை. ஜூனில் 10 ஆட்டம் முன்னிலையில் இருந்தார்கள். அதைப் பற்றி இங்கே எழுதினால் இழை திசை மாறிவிடும்.

செப்டம்பர் 30, 2024

இன்று மதியம் வேலை ஓடவில்லை. ஹெலீன் புயலால் தள்ளிப்போன மெட்ஸ், பிரேவ்ஸ் ஆட்டங்கள் இரண்டும் இன்று அட்லாண்டாவில், சீசன் முடிந்த மறுநாள். இருவரில் ஒருவர் இரண்டையும் வென்றால் அரிசோனா உள்ளே. ஆளுக்கொன்று வென்றால் அரிசோனா வெளியே. முதல் ஆட்டத்தில் 9-வது இன்னிங்ஸில் லிண்டோர் அடித்த ஹோம் ரன்னில் மெட்ஸ் 8-7. இரண்டாவதில் பிரேவ்ஸ் 3-0. மூன்று அணியும் 89 வெற்றி. அரிசோனா ஆட்டக்காரர்கள் ஆடாமலேயே உட்கார்ந்து பார்த்து வெளியே போனார்கள்.

இதை எடுத்துவைத்தது ஒரு புயல்.

இரவு சேர்த்தது: இன்று பார்த்துக்கொண்டிருந்தபோது 2011 செப்டம்பர் 28 நினைவு வந்துகொண்டே இருந்தது. புதன்கிழமை, சீசனின் கடைசி நாள். வீட்டில் ரசம் சாதம் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் ப்ளே ஆஃப் இடத்துக்கான போட்டியில் ரெட் சாக்ஸ், டாம்பா பே ரேஸ் அணியைவிட 9 ஆட்டம் முன்னால் இருந்தது. கடைசி நாளில் இருவரும் சமம். ரேஸ் ஏழு இன்னிங்ஸ் முடிவில் யாங்கீஸிடம் 0-7. நான் சேனல் மாற்றிவிட்டேன். எட்டாவதில் ஆறு ரன். ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட், இரண்டு ஸ்ட்ரைக், மட்டை பிடித்தவர் அந்த சீசனில் .108, அதாவது ஏறக்குறைய பத்து முறைக்கு ஒரு ஹிட் அடித்துக்கொண்டிருந்த டான் ஜான்சன். ஹோம் ரன், சமநிலை. பால்டிமோரில் மழைக்கு நின்று மறுபடி தொடங்கிய ஆட்டத்தில் கடைசி ஒரே ஒரு ஸ்ட்ரைக் மிச்சம் இருக்கையில் ரெட் சாக்ஸ் சறுக்கி 3-4 தோற்றது. மூன்று நிமிடம் கழித்து லொங்கோரியா 12-வது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தார், ரேஸ் 8-7. கிழக்கில் நள்ளிரவு தாண்டியிருந்தது, எங்களுக்கு 9 மணி ஐந்து நிமிடம். அதற்குள் அட்லாண்டாவும் 13 இன்னிங்ஸில் தோற்று, செயின்ட் லூயிஸ் உள்ளே போய், அந்த வருடம் உலகத் தொடரையே வென்றது.

அன்றைக்கு ஒரே ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர் பாதியைத்தான் பார்த்தார். ரிமோட் கையில் இருந்தவனுக்குத்தான் முழுச் சாப்பாடு.

அப்புறம், கடைசி நாள் எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்குவது 2012-லிருந்து.

அக்டோபர் 3, 2024

மேலே 2012 என்று எழுதியது தவறு. 2012-ல் வந்தது இரண்டாவது வைல்ட் கார்டு (டிவிஷனை வெல்லாத அணிக்கு ப்ளே ஆஃபில் கிடைக்கும் இடம்). கடைசி ஞாயிறு எல்லா ஆட்டங்களையும் கிழக்கு நேரம் 3 மணியை ஒட்டித் தொடங்குவது 2015-லிருந்து. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

இதை நன்றாக யோசித்தால், அந்த ஒரு நாள் மட்டும் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லாமல் போகிறது. எல்லாம் ஒன்றாக ஓடுகிறது, ஒரு ஆட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிக் காட்டுகிறார்கள். வருடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த மூன்று மணி நேரம் அது.

வைல்ட் கார்டு பற்றியும் ஒரு வார்த்தை. 1995-ல் லீக்குக்கு ஒன்று, 2012-ல் இரண்டு, 2022-ல் மூன்று. கூடக் கூட, செப்டம்பரில் "அர்த்தமுள்ள" ஆட்டங்கள் கூடுகின்றன, சேனலுக்கு நல்லது. ஆனால் 1993-ல் ஜயண்ட்ஸ் 103 ஆட்டம் வென்றும் 104 வென்ற பிரேவ்ஸுக்குப் பின்னால் வெளியே போனது போன்ற பந்தயம் இனி வராது. இன்றைக்கென்றால் இரண்டும் கடைசி நாளுக்கு முன்னமே உள்ளே போயிருக்கும்.

அக்டோபர் 5, 2024

ஃபுட்பாலைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. செப்டம்பர் பேஸ்பாலுக்கு எதிரி இன்னொரு பேஸ்பால் ஆட்டமில்லை. சனிக்கிழமை கல்லூரி ஃபுட்பால், ஞாயிறு தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல். இரண்டுக்கும் கூட்டம் பல மடங்கு.

1998-ல் ஈஎஸ்பிஎன்னுக்கு முழு சீசன் ஞாயிறு இரவு ஃபுட்பால் கிடைத்தது. உடனே செப்டம்பரின் மூன்று ஞாயிறு பேஸ்பால் ஆட்டங்களை ஈஎஸ்பிஎன் 2-க்குத் தள்ளப் பார்த்தார்கள். பேஸ்பால் லீக் மறுத்து ஒப்பந்தத்தையே முறித்தது. ஈஎஸ்பிஎன் 1999-ல் நீதிமன்றம் போனது. டிசம்பரில் சமரசமாகிப் புது ஒப்பந்தம் போட்டார்கள். இத்தனையும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்காக. லீக் சண்டை போட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏப்ரல் ஆட்டத்தைத் தள்ளினால் பொறுத்துக்கொள்ளலாம். செப்டம்பரைத் தள்ளினால் ஆறு மாத உழைப்பைப் பின்கட்டில் உட்காரவைப்பது போல.

பிப்ரவரி 22, 2025

இழையைத் தூசி தட்டுகிறேன். ஈஎஸ்பிஎன்னும் பேஸ்பால் லீக்கும் பிரிகிறார்கள். 2028 வரை இருந்த ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. வருடத்துக்கு 55 கோடி டாலர் அதிகம் என்று ஈஎஸ்பிஎன் நினைக்கிறது. வெள்ளி ஆட்டங்களுக்கு ஆப்பிள் 8.5 கோடி கொடுப்பதாகச் செய்தி. அதைப் பார்த்தபின் அவர்களுக்குக் கசந்திருக்கும். இந்த செப்டம்பர் அவர்கள் எடுக்கிற கடைசி ஞாயிறுகள்.

35 வருடப் பழக்கம். திட்டிக்கொண்டே பார்த்தாலும், ஞாயிறு மாலை 4 மணிக்கு அந்த ஆட்டத்தைப் போட்டுவிட்டு வாரத்துக்குக் காய் நறுக்கியவன் நான். வருத்தமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 25, 2025

எங்கள் கேட்சர் கால் ராலி, 60 ஹோம் ரன்.

நேற்றிரவு கொலராடோவோடு 59-ம் 60-ம். ஒரு சீசனில் 60-ஐத் தொட்ட ஏழாவது ஆள், கேட்சர்களில் முதல் ஆள். 2001-க்குப் பிறகு முதல் முறையாக டிவிஷனும் எங்களுக்கு. குரல் போய்விட்டது. பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 29, 2025

நேற்று கடைசி ஞாயிறு. எங்களுக்கு நண்பகல் 12 மணி. மயாமியில் மெட்ஸ் 0-4 தோல்வி. மில்வாக்கியில் சின்சினாட்டியும் தோல்வி. இருவரும் 83 வெற்றி, நேருக்கு நேர் கணக்கில் சின்சினாட்டி உள்ளே. ஊதியத்துக்கு மலையளவு செலவழித்த நியூ யார்க் அணி வீட்டுக்கு. டொராண்டோவும் யாங்கீஸும் இருவருமே வென்று, இருவரும் 94-ல் முடித்து, டிவிஷன் டொராண்டோவுக்கு. கிளீவ்லண்ட் ஜூலையில் டைகர்ஸுக்கு 15.5 ஆட்டம் பின்னால் இருந்த அணி. அதுவே டிவிஷனை வென்றது.

ஜூலையில் இந்த நான்கில் எதையாவது யாராவது எழுதிவைத்திருக்க முடியுமா? போன வருடம் இங்கே டைகர்ஸ் எழுந்ததைக் கொண்டாடினேன். இந்த வருடம் அதே டைகர்ஸ் சரிந்தது, வைல்ட் கார்டில்தான் தப்பித்தது.

நவம்பர் 22, 2025

அறிவிப்பு வந்துவிட்டது. 2026-லிருந்து மூன்று வருடம் ஞாயிறு இரவு பேஸ்பால் என்பிசிக்கு. சில ஆட்டங்கள் அவர்களின் இணையச் சேவையான பீக்காக்கில். நெட்ஃப்ளிக்ஸுக்கு ஹோம் ரன் போட்டியும் தொடக்க நாள் ஆட்டமும். ஈஎஸ்பிஎன்னுக்கு 30 ஆட்டம்.

என்பிசி கையில் 2006-லிருந்து ஞாயிறு இரவு ஃபுட்பால் இருக்கிறது. செப்டம்பரில் இரண்டும் மோதும்போது எது முதல் சேனலில் வரும் என்று கேட்கவே வேண்டாம். 1999-ல் நீதிமன்றம் வரை போன அதே ஞாயிறுகள். இம்முறை தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஃபாக்ஸ், டிபிஎஸ் ஒப்பந்தங்களும் 2028-ல் முடிகின்றன. லீக் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து விற்கலாம். அப்போது நான் கேட்பது ஒன்றுதான். கடைசி இரண்டு வாரத்துக்கு மட்டும், எந்த ஆட்டம் என்பதை மூன்று நாள் முன்னால் எடுங்கள், ஆனால் நேரத்தை மாற்றாதீர்கள், உள்ளூர்ச் சேனலையும் அணைக்காதீர்கள். டிக்கெட் வாங்கியவர் நட்டப்பட மாட்டார், அயோவா மைத்துனருக்கும் படம் வரும். சேனலுக்கு ரேட்டிங் குறையும் என்பது தெரியும். போன வருடம் செப்டம்பர் 9-ம் தேதி நானே எழுதிய கணக்கு அது, சொந்த ஊர்த் தலைகள் பிரிந்துபோகும். பரவாயில்லை என்பதுதான் என் கட்சி.

கேள்வி கேட்ட நண்பர் போன வாரம் தனிச் செய்தியில் "உங்கள் அணியை நாடே பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இல்லையா?" என்றார். இரண்டு நாள் யோசித்தேன்.

2022 செப்டம்பர் 30. அப்பா மதுரையிலிருந்து வந்திருந்தார். பேஸ்பால் ஒன்றும் தெரியாது. சேப்பாக்கம் டெஸ்டை வானொலியில் தமிழ் வர்ணனையில் கேட்டு வளர்ந்தவர். மரைனர்ஸ் ஓக்லண்டோடு 1-1, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். மாற்று ஆளாக ராலி வந்தார். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். உள்ளூர்ச் சேனலில் டேவ் சிம்ஸ். அந்த மனிதர் எத்தனையோ தோற்ற சீசன்களை இதே ஊருக்குச் சொல்லிச் சொல்லி வந்தவர். பந்து வலது கோட்டை ஒட்டி மேலே போனபோது, அது உள்ளே விழுமா வெளியே விழுமா என்று எனக்கே தெரியாத அந்த ஒரு நொடியில், அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஹோம் ரன். ப்ளே ஆஃபுக்கான 21 வருடக் காத்திருப்பு முடிந்தது.

"உங்களுக்கு எப்படிப்பா தெரிந்தது?" என்று கேட்டேன்.

"அந்த ஆள் குரல் உடைந்ததே" என்றார்.